வேடம் கலையாத மனிதர்: மெக்சிகோவில் நான்கு நாட்கள்

முதல் நாள்: 2024 பிப்ரவரி 2, வெள்ளி

மெட்ரோ ரயிலில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் மடியில் ஒரு குழந்தை பொம்மை. வெள்ளை சாட்டின் உடுப்பு, தலையில் சிறு கிரீடம், காலில் விரலளவு செருப்பு. ரயில் குலுங்கும்போதெல்லாம் உயிருள்ள குழந்தைக்குச் செய்வதைப் போலவே அதன் தலையைக் கையால் தாங்கிக்கொண்டார். "இது என்ன தம்பி, நம் ஊர் கொலு மாதிரியா?" என்று என் காதருகே கேட்டார் மாமா.

இன்று கந்தேலாரியா திருநாள். வீட்டில் இருக்கும் குழந்தை இயேசுவின் உருவத்துக்குப் புத்தாடை உடுத்திக் கோயிலுக்கு எடுத்துச் செல்வார்கள். ஜனவரி 6 அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் ஒளித்துவைத்த குட்டிப் பொம்மை யார் பங்கில் அகப்பட்டதோ, அவர் இன்று எல்லோருக்கும் தமாலே வாங்கித் தர வேண்டும். சோள மாவை மடலில் பொதிந்து ஆவியில் அவிக்கும் பண்டம் அது. நிலையத்தின் வாசலில் ஆளுக்கொன்று வாங்கினோம். மாமா மடலைப் பிரித்து ஒரு வாய் தின்றுவிட்டு, "காரப் பூரணம் வைத்த கொழுக்கட்டை" என்று பெயர் சூட்டினார்.

நாங்கள் வந்திருப்பது வேறொரு வேடத்துக்காக. வருகிற திங்கட்கிழமை, பிப்ரவரி 5 அன்று, எல் சான்டோ இறந்து 40 ஆண்டுகள் நிறைகின்றன. வெள்ளி முகமூடி அணிந்த மல்லர். மெக்சிகோவில் அவரைத் தெரியாத வீடு இல்லை.

எல் சான்டோ என்றால் ஸ்பானிய மொழியில் 'புனிதர்'. தொலைபேசியில் நான் இந்தப் பெயரைச் சொன்னபோது மாமாவின் காதில் 'சாண்டோ' என்றுதான் விழுந்தது. யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பிய பயில்வானின் பெயர் நம் ஊரில் பட்டமாகவே மாறி, சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும் வந்ததல்லவா? "எந்த சாண்டோ?" என்று கேட்டார். மாமா செய்யாறு பக்கத்தில் 34 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். கர்லாக்கட்டை சுற்றி வளர்ந்த உடம்பு. மல்யுத்தம் பார்க்க என்னோடு மெக்சிகோவுக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு, பெட்டியை எப்போது கட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய பதில்.

எனக்கு இந்த ஆசை வந்த வழி வேறு. என் வயதுக்காரர்கள் நினைவு வைத்திருப்பார்கள்: பள்ளிக்கூட வாசலில் விற்ற மல்யுத்தச் சீட்டுகள். உயரம், எடை, மார்பளவு, ஆடிய ஆட்டங்கள் என்று எண்களைச் சொல்லிச் சொல்லி ஒருவர் சீட்டை மற்றவர் பிடுங்குவோம். என் சீட்டுக்கட்டில் நான் யாருக்கும் கொடுக்காத சீட்டு எடி குரேரோ. 2004இல் அவர் உலகப் பட்டம் வென்றபோது தெருவே கேட்கக் கத்தினேன். 2005 நவம்பர் 13 அன்று 38 வயதில் அவர் இறந்த செய்தி வந்தபோது பிளஸ் டூ மாதிரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு ஓடவில்லை. யார் இவர், எங்கிருந்து வந்தார் என்று தேடத் தொடங்கியதில் அவர் தந்தை கோரி குரேரோவும் பெரிய மல்லர் என்று தெரிந்தது. கோரியோடு சேர்ந்து 'அணு ஜோடி' என்ற பெயரில் இணையாக ஆடியவரின் புகைப்படம் ஒன்றும் கிடைத்தது. அதில் முகம் இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் திறப்பு விட்ட ஒரு வெள்ளித் தலை. அன்றிலிருந்து அந்தத் தலை என்னை விடவில்லை.

அரேனா மெக்சிகோ, டாக்டோரெஸ் பகுதியில் இருக்கிறது. பெயருக்கேற்ப அங்குள்ள தெருக்கள் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவர்களின் பெயர்களே. அரங்கம் இருப்பது டாக்டர் லவிஸ்டா தெரு. 1956 ஏப்ரல் 27 அன்று திறந்தார்கள். 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1968 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டைப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. ரசிகர்கள் இதைப் 'பேராலயம்' என்றே சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் இங்கே குடும்பத்தோடு வரும் ஆட்டம். கைக்குழந்தை முதல் கைத்தடி வரை எல்லாவற்றையும் பார்த்தேன்.

வாசலில் வரிசையாக முகமூடிக் கடைகள். நீலம், பச்சை, பொன், புலித்தோல். தொங்கும் நூற்றுக்கணக்கான முகங்களுக்கு நடுவே வெள்ளி நிறம் மட்டும் ஒவ்வொரு கடையிலும் தவறாமல் இருந்தது. 40 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் முகம், இன்று மேடையேறப் போகிறவர்களின் முகங்களோடு சரிசமமாக விற்பனையாகிறது. மாமா அந்த வெள்ளி முகமூடி ஒன்றை உள்ளங்கையில் விரித்துத் தையலைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம் பூட்ஸ் போலக் கயிறு கோத்துக் கட்ட வேண்டும்.

இங்குள்ள மல்யுத்தத்துக்கு லூச்சா லிப்ரே என்று பெயர். இரண்டு வகை மல்லர்கள்: முறை தவறாமல் ஆடும் டெக்னிகோ, முரட்டுத்தனமும் ஏமாற்றும் கலந்து ஆடும் ரூடோ. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் "மூன்றில் இரண்டு வீழ்ச்சி, கால வரம்பு இல்லை!" என்று ராகம் போட்டு இழுத்தார். அந்த வரியைக் கேட்டதும் அரங்கமே எழுந்தது. எங்கள் வரிசையிலேயே ஒரு தாய் டெக்னிகோவுக்கும் மகள் ரூடோவுக்கும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

பெரும்பாலோர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. எல் சான்டோ தொடங்கியது ரூடோவாக. பெயர் புனிதர், ஆட்டம் முரடர். அதற்கு முன் ரூடி குஸ்மான், சிவப்பு மனிதன், கறுப்புப் பேய் என்று பல பெயர்களில் ஆடிப் பார்த்திருக்கிறார். 'இரண்டாம் வௌவால்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டபோது முதல் வௌவாலாக ஆடிக்கொண்டிருந்த வெலாஸ்கெஸ் எதிர்ப்புத் தெரிவித்தார்; அதையும் விட வேண்டியதாயிற்று. பிறகு சூச்சோ லோமெலின் என்பவர் புனிதர், பிசாசு, தேவதூதர் என்று மூன்று பெயர்களை முன்வைக்க, இவர் முதலாவதை எடுத்துக்கொண்டார். 1942இல் வெள்ளி முகமூடியோடு மேடை ஏறினார். டெக்னிகோ பக்கம் வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. கெட்டவனாக ஆடியபோதே ஜனங்கள் அவரைக் கொண்டாடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒருவர் கயிற்றின் மீதேறி மேடைக்கு வெளியே நின்றவர் மேல் தலைகுப்புறப் பாய்ந்தார். மாமா இருக்கையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "விழுகிறவன் உடம்பைப் பார்க்காதே தம்பி, பிடிக்கிறவன் கையைப் பார். எதிரியின் கழுத்து உடையாமல் காப்பாற்றுகிறவன் அவன்தான்" என்றார்.

யார் வெல்வார் என்பது முன்பே பேசிவைத்ததுதானே என்று இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நானும் மாமாவிடம் அதைக் கேட்டேன். அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "நம் ஊர் பாரதக் கூத்தில் துரியோதனன் பதினெட்டாம் நாள் சாவான் என்று யாருக்குத் தெரியாது? விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறோமே. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் வீமன் அடிக்கும்போது பெண்கள் அழுகிறார்களே, அது பொய் அழுகையா?" இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

என் வலப்பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. டெக்சாஸில் பழகிய ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தேன். சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு இதே அரங்கத்தில் எல் சான்டோவைப் பார்த்தாராம். "சினிமாவில் பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தார். அதனால்தான் எங்கள் அப்பாவுக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று. அப்பாவும் குட்டை" என்றார். எதிராளியின் முதுகில் குதிரையேறி உட்கார்ந்து, தாடையைப் பிடித்துப் பின்னால் வளைக்கும் பிடி எல் சான்டோவுக்கு உரியது. அதைக் கண்டுபிடித்தவர் கோரி குரேரோ. வீட்டுக்குப் போனதும் அப்பா அந்தப் பிடியைத் தலையணையின் மேல் போட்டுக் காட்டுவார் என்று சொல்லி, பாட்டி இரண்டு கையையும் தன் மோவாய்க்குக் கீழே கோத்துக் காட்டினார்.

கடைசி ஆட்டம் முடிந்தபோது மேடைக்குள் நாணயங்கள் வந்து விழுந்தன. நல்ல ஆட்டத்துக்குக் காசு எறிவது இங்கே மரபு. மாமா என்னிடம் 10 பெசோ வாங்கி எறிந்தார். அது மேடை வரை போய் விழுந்தது. 67 வயதிலும் அந்தக் கை குறி தப்பவில்லை.

இரண்டாம் நாள்: பிப்ரவரி 3, சனி

காலையில் முகமூடிகளைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள மீண்டும் டாக்டோரெஸ் பகுதிக்கே போனோம். முகமூடி மெக்சிகோவின் ஆதிச் சொத்து என்று எண்ணியிருந்தேன். மல்யுத்த மேடைக்கு அது வந்த கதை எளிமையானது. 1930களில் சிக்ளோன் மெக்கி என்ற அமெரிக்க மல்லர், லெயோன் நகரிலிருந்து வந்து தலைநகரில் தொழில் செய்துகொண்டிருந்த அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற செருப்புத் தைப்பவரிடம் முகத்துக்கு ஒரு உறை தைத்துத் தரச் சொன்னார். பூட்ஸ் தைத்த கை முகத்தையும் தைத்தது. நேற்று மாமா தடவிப் பார்த்த அந்தக் கயிற்றுக்குக் காரணம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. மார்த்தினெஸ் குடும்பத்தின் கடை இன்றும் இந்தப் பகுதியில் நடக்கிறது.

அங்கிருந்து பழைய நகரம். டொன்செலெஸ் தெருவில் பழைய புத்தகக் கடைகள் ஒன்றையொன்று தோளில் இடித்துக்கொண்டு நிற்கின்றன. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூசியின் வாசனை தெரியும். மூன்றாவது கடையில் கேட்டது கிடைத்தது: பழுப்பு மையில் அச்சிட்ட எல் சான்டோ சித்திரக்கதை. ஹோசே குவாடலூப்பே குரூஸ் 1952இல் தொடங்கிய இதழ் இது. 35 ஆண்டுகள் வந்தது. புகைப்படங்களை வெட்டி ஒட்டி, மீதியைத் தூரிகையால் வரைந்து கதை சொல்வார்கள். உண்மையான எல் சான்டோவின் படம், வரைந்த குகைக்குள் நிற்கும். வரைந்த அரக்கன் அவர் மேல் பாய்வான். மேடையைப் பார்க்க டிக்கெட் வாங்க முடியாத சிறுவர்களுக்கு எல் சான்டோ வீடு தேடி வந்தது இந்தக் காகிதத்தில்தான். என் பிரதியின் உள்பக்கத்தில் ஒரு பிள்ளை பென்சிலால் தன் பெயரை மூன்று முறை எழுதிப் பார்த்திருக்கிறது.

பிறகு சினிமா. 1958இல் கியூபாவில் முதல் இரண்டு படங்கள். அடுத்த கால் நூற்றாண்டில் ஐம்பதுக்கு மேல். இரத்தக் காட்டேரிகள், செவ்வாய்க் கிரகத்தார், பிணங்கள், பைத்தியக்கார விஞ்ஞானிகள் என்று எல்லோரையும் எதிர்த்துச் சண்டையிட்டார். படங்களிலும் முகமூடியோடேதான் வந்தார். கோட்டும் டையும் அணிந்து விருந்துக்குப் போகும் காட்சியிலும் வெள்ளித் தலைதான். படப்பிடிப்புக்கு வெளிநாடு போகும்போது சுங்கச் சோதனையில் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்பதால், குழுவினர் போகும் விமானத்தில் போகாமல் வேறு விமானத்தில் போவாராம். பொது இடத்தில் சாப்பிடுவதற்குத் தாடைப் பகுதியை வெட்டிய தனி முகமூடி வைத்திருந்தார். இதைச் சொன்னதும் மாமா நடையை நிறுத்திவிட்டார்.

"எங்கள் ஊரில் வேடம் கட்டி முடித்துவிட்டால் கூத்தாடியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கர்ணன் என்றால் கர்ணன்தான். விடிந்து அரிதாரத்தைத் துடைத்த பிறகுதான் அவர் ஏழுமலையோ முனுசாமியோ. இந்த மனிதர் துடைக்கவே இல்லையா?"

"இல்லை, மாமா. நாற்பது வருடம்."

மாலை, ரெபூப்ளிகா தெ பெரு தெரு, 77ஆம் எண். அரேனா கொலிசேயோ. நேற்றைய அரங்கத்தோடு ஒப்பிட்டால் சிறியது, பழையது, எனக்கு அதைவிட மேலானது. இருக்கைகள் செங்குத்தாக மேடையை நோக்கி இறங்குகின்றன. ரசிகர்கள் இதைப் 'புனல்' என்று அழைக்கிறார்கள். சத்தம் முழுவதும் கீழே மேடைக்குள் வடிகிறது. 1943 ஏப்ரல் 2 அன்று இந்த அரங்கம் திறந்த இரவில் முதன்மை ஆட்டம் ஆடியவர்கள் தார்சான் லோபெஸும் எல் சான்டோவும். எல் சான்டோ தோற்றார்.

ஆனால் நான் இங்கே வந்தது 1952 நவம்பர் 7ஆம் தேதிக்காக. அன்று பிளாக் ஷேடோ என்ற மல்லரும் எல் சான்டோவும் முகமூடியைப் பந்தயம் வைத்து ஆடினார்கள். தோற்றவர் மேடையிலேயே முகமூடியைக் கழற்றித் தன் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஆயுளுக்கும் அந்த முகமூடியைப் போடக் கூடாது. பட்டம் போனால் அடுத்த மாதம் திரும்ப வெல்லலாம். முகமூடி ஒரே தடவைதான் போகும். பிளாக் ஷேடோ தோற்றார். அவரோடு சகோதரர் என்ற பெயரில் இணையாக ஆடிய புளூ டீமன் அதற்குப் பழிவாங்க எழுந்து, மறு ஆண்டு எல் சான்டோவின் உலகப் பட்டத்தைப் பறித்தார். இந்தப் பகையைப் பற்றி இன்று இரவு ஆட்டத்துக்கு நடுவே ஒரு தந்தை தன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தந்தைக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். அவர் பிறக்கும் முன்பே எல் சான்டோ மண்ணுக்குள் போய்விட்டார். ஆனாலும் "நாம் புளூ டீமன் வீட்டார்" என்று சொன்னார், நிகழ்காலத்தில். மகன் நீல முகமூடி அணிந்திருந்தான்.

நானும் மாமாவும் எல் சான்டோ வீட்டார் என்று அவரிடம் சொன்னேன். கைகுலுக்கிக்கொண்டோம்.

அரங்கத்துக்குப் பக்கத்திலேயே டெபிட்டோ. எல் சான்டோ சிறுவனாகக் குடும்பத்தோடு வந்து வளர்ந்த பேட்டை. குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பேர்போன இடம். இருட்டிவிட்டதால் உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள்: பிப்ரவரி 4, ஞாயிறு

ரோடோல்ஃபோ குஸ்மான் உவெர்டா 1917 செப்டம்பர் 23 அன்று துலான்சிங்கோவில் பிறந்தார். தலைநகருக்கு வடகிழக்கே, இதால்கோ மாநிலத்தில். பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே கள்ளிச் செடிகள் வரிசை வரிசையாக ஓடின. மாமா தூங்கிவிட்டார். இரண்டு இரவுகள் கத்தியதில் எனக்குக் குரல் கம்மியிருந்தது.

ஊரில் எல் சான்டோவுக்கு ஒரு சிலை இருக்கிறது. முகமூடியோடுதான் நிற்கிறார். பிறந்த ஊரில், அவர் முகம் தெரிந்த கடைசித் தலைமுறை இருந்த ஊரில், முகத்தை வடிக்காமல் முகமூடியையே வடித்திருக்கிறார்கள். எங்களை இறக்கிவிட்ட டாக்சிக்காரரிடம் இதைக் கேட்டேன். "முகத்தை வடித்தால் யாருக்குத் தெரியும் அது யார் என்று?" என்றார். சிறிது தூரம் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கண்ணாடியை இறக்கி, "ஒருவேளை அது எங்கள் மாமா ஒருவருடைய முகம் போல இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்வதற்காகத் திரும்பி வந்தாரே, அதை நான் மறக்க மாட்டேன்.

சிலையருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெரிய கூட்டம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடித்து வந்த குடும்பங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டன. கிட்டத்தட்ட எல்லோருமே ஒரே நிலையில் நிற்கிறார்கள்: கால் அகட்டி, மல்லுக்கு நிற்பதுபோல் கைகளை முன்னே நீட்டி. யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. முழங்கால் வலியோடு நடந்துவந்த ஒரு முதியவர்கூட, பேத்தி கேமராவை எடுத்ததும் கைகளை நீட்டினார். மாமா எழுந்து போய், "இடது காலை முன்னே வையுங்கள்" என்று தமிழில் சொல்லி, தானே செய்துகாட்டினார். முதியவர் வைத்தார்.

மதியம் இந்த ஊர்ச் சிற்றுண்டி: குவாஹோலோத்தே. அந்தச் சொல்லுக்கு வான்கோழி என்று பொருள், ஆனால் உள்ளே வான்கோழி இல்லை. ரொட்டியைப் பிளந்து பொரித்து, மிளகாய்ச் சாந்தில் தோய்த்த சோள அப்பமும் அரைத்த பயறும் வைத்துத் தருகிறார்கள். ஒன்று போதும், மாலை வரை பசிக்காது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1968 ஒலிம்பிக்கை உலகம் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செயற்கைக்கோளோடு பேசும் மாபெரும் அலைவாங்கியை இங்கேதான் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் நடந்த குத்துச்சண்டைகள், எல் சான்டோ பிறந்த ஊரின் வழியாக வானுக்குப் போயிருக்கின்றன. இது அவரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதல்ல. என்றாலும் திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள்: பிப்ரவரி 5, திங்கள்

அரசியலமைப்பு நாள் விடுமுறை. தெருக்கள் காலியாகக் கிடந்தன. நகரின் தெற்கே இருக்கும் மௌசோலியோஸ் தெல் ஆங்கெல் கல்லறைக்கு இளஞ்சிவப்பு டாக்சி ஒன்றில் போனோம். வழியில் வெள்ளை கிளாடியோலா பூக்கள் வாங்கினோம்.

போகும்போது மாமாவுக்குக் கடைசி ஆண்டுகளைச் சொன்னேன். 1982 செப்டம்பர் 12 அன்று எல் தோரேயோ அரங்கத்தில் கடைசி ஆட்டம். அவருக்கு 65 வயது ஆகச் சில நாட்களே இருந்தன. அவர் பக்கத்தில் ஆடியவர்களில் பழைய இணை கோரி குரேரோவும் இருந்தார். அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது வணிக வளாகம் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் போகவில்லை. பிறகு 1984 ஜனவரி இறுதி. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தவர், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் முகமூடியைச் சற்றே மேலே தூக்கினார். முகத்தின் ஒரு பகுதி தெரிந்தது. சில நாட்களில், பிப்ரவரி 5 அன்று, பிளாங்கிட்டா நாடக அரங்கில் நிகழ்ச்சி முடித்த இரவில் மாரடைப்பில் இறந்தார். வயது 66. அவர் விருப்பப்படி வெள்ளி முகமூடியோடே அடக்கம் செய்தார்கள். இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரமாயிரம் பேர் திரண்டார்கள். அவரிடம் முகமூடி இழந்த பிளாக் ஷேடோவும், அவரைப் பகைத்த புளூ டீமனும் வந்திருந்தார்கள். 2000இல் இறந்த புளூ டீமனையும் அவருடைய நீல முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

மாமா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "போகப் போகிறோம் என்று தெரிந்துதான் தூக்கினாரா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் ரசிகர்கள் நம்புகிறார்கள், மாமா."

கல்லறையில் எங்களுக்கு முன்பே இருபது, முப்பது பேர் வந்திருந்தார்கள். பூக்கள், மெழுகுவத்திகள், யாரோ வைத்துப்போன ஒரு பழைய சித்திரக்கதை. பேச்சுச் சத்தம் குறைவு. எல்லோருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது: பூ வைப்பது, சிலுவைக் குறியிடுவது, பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவது. முகமூடி அணிந்து வந்திருந்த ஐந்தாறு பேரும் அதைக் கழற்றாமலே கும்பிட்டார்கள்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பேரனோடு நின்றிருந்தார். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தலையசைத்தார். அப்போது இருபது வயதாம். வீடு முழுக்க ஆட்கள். எல் சான்டோவின் கை முகமூடிக்குப் போனதும் அம்மா எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். முந்தானையைப் போல ஏப்ரனை இரண்டு கையாலும் விரித்துத் திரையை மறைத்தார். "யாரும் பார்க்காதீர்கள், அவருக்குச் சங்கடமாக இருக்கும்" என்று கத்தினார். "எங்கள் தெருவிலேயே பார்க்காதது நாங்கள் மட்டும்தான்" என்றார் அவர்.

"இன்றுவரைக்குமா?"

"அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கைபேசியில் தேடினால் ஒரு நிமிடத்தில் வரும் என்று இவன்கூடச் சொல்கிறான்" என்று பேரனைக் காட்டினார். "தேடவில்லை."

நான் இதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். அந்தப் படம் என் கைபேசியில் இருந்தது. விமானத்தில் வரும்போது மாமாவுக்குக் காட்டலாம் என்று சேமித்து வைத்திருந்தேன், மறந்துவிட்டேன். மாமாவுக்கும் அது தெரியும். என் சட்டைப்பைக்கு அவர் பார்வை ஒரு முறை வந்தது. "இருக்கட்டும் தம்பி" என்றார்.

பேரனுக்கு ஆறு வயது இருக்கும். தாத்தா பையிலிருந்து ஒரு வெள்ளி முகமூடியை எடுத்து அவன் தலையில் மாட்டினார். விரல் நடுக்கத்தில் பின்பக்கக் கயிறு கண்ணியில் ஏறவில்லை. இரண்டு முறை முயன்றார். மாமா மெல்ல முன்னால் போய் முழங்காலிட்டார். பையனின் தலைமுடி கயிற்றில் சிக்காமல் ஒதுக்கிவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கண்ணியாகக் கோத்தார், மாணவர்களுக்கு விளையாட்டு பூட்ஸ் கட்டிவிட்ட அதே கைப்பழக்கத்தில். முடிச்சுப் போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தார்.

"மூச்சு விட முடிகிறதா?" என்று தமிழில் கேட்டார்.

பையன் திரும்பி அவரைப் பார்த்துக் கால்களை அகட்டிக் கைகளை முன்னே நீட்டினான். மாமா அவன் இடது காலைப் பிடித்து ஒரு சாண் முன்னே நகர்த்தி வைத்தார்.